ஓடும்போது சூடேறாத எஞ்சின், சிக்னலில் நின்றால் மட்டும் ஏன் சூடேறுகிறது?

எஞ்சினின் வெப்பத்தைக் காற்றில் விடும் ரேடியேட்டரை மாற்றுவதா, அதற்குள் குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்) திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விவரித்திருப்பதைப் படித்தால் உண்மையான கேள்வி வேறாக இருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.சி. போட்டுக்கொண்டு மாமல்லபுரம் வரை போனாலும் டாஷ்போர்டின் வெப்பநிலை முள் நடுவிலேயே நிற்கும் ஒரு வண்டி, மத்திய கைலாஷ் சிக்னலிலோ கத்திப்பாரா நெரிசலிலோ பத்து நிமிடம் நின்றால் மட்டும் ஏன் முள்ளைச் சிவப்புக் கோட்டின் பக்கம் ஏற்றுகிறது என்பதே அது. வண்டி 2014ஆம் ஆண்டு பெட்ரோல் கார், 90,000 கிலோமீட்டர் ஓடியது. கூலன்ட் மாதம் ஒருமுறை குறைவதால் திருவான்மியூர் அடுக்ககத்து போர் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறீர்கள். இரண்டு மாதங்களுக்கு முன் முன்பக்கம் லேசாக இடிபட்டு, பம்பருக்கு டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது. வண்டி நின்றால் ஏ.சி.யின் குளிர்ச்சியும் குறைந்து, நகர்ந்ததும் தானே திரும்புகிறது. ஒரு மெக்கானிக் ரேடியேட்டர் என்கிறார், இன்னொருவர் வால்வு என்கிறார். இரண்டுமே உங்கள் வண்டி காட்டும் அறிகுறிக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. பாடி, அம்பத்தூர் பக்கத்துப் பணிமனைகளில் நெடுங்காலம் வேலை பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். ஆனாலும் பானெட்டைத் திறந்து பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், எது உறுதி, எது ஊகம் என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானவை. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்கு வந்து காற்றில் கலக்க வேண்டிய வெப்பம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது அதற்குத் தேவையான காற்றை வண்டியின் வேகமே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. அந்த நேரத்தில் ரேடியேட்டரின் ஃபேன் சுற்றுகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் தெரியவே தெரியாது. நின்றவுடன் அந்தக் காற்று போய்விடுகிறது. ஐட்லிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) எஞ்சின் உண்டாக்கும் வெப்பம் குறைவுதான் என்றாலும், அதை வெளியேற்றும் முழுப் பொறுப்பும் ஃபேன் ஒன்றின்மீதே விழுகிறது. ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தைக் கைவிடும் என்பது கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி என்று வைத்துக்கொண்டால், மார்கழிக் காலையின் 25 டிகிரிக் காற்றோடு வேறுபாடு 70. கத்திரி வெயிலில் காற்று 41 டிகிரியானால் வேறுபாடு 54 தான். வேறு எதுவும் கெடாமலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு திறன் குறைந்துவிடுகிறது. இடமும் வலமும் மாநகரப் பேருந்துகள் நிற்கும் சிக்னலில் தார்ச்சாலைக்கு ஒரு முழம் மேலே இருக்கும் காற்று, வானிலை அறிக்கை சொல்லும் காற்றைவிடச் சூடானது. போதாததற்கு, ஏ.சி.யின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, தான் கழித்த வெப்பத்தையெல்லாம் அந்தக் காற்றில் ஏற்றி அனுப்புகிறது. டிசம்பரில் அரைகுறையாகச் சமாளித்த ஃபேன் மே மாதத்தில் கைவிட்டுவிடுவது இதனால்தான்.

நீங்கள் எழுதியதில் மிக மதிப்புள்ள தகவல் ஏ.சி.யைப் பற்றியது. நின்றால் குளிர்ச்சி குறைந்து ஓடினால் திரும்புகிறது என்றால், கண்டென்சருக்கும் நிற்கும்போது காற்று போதவில்லை என்று பொருள். ரேடியேட்டருக்கு உள்ளே தண்ணீர்ப் பாதை அடைத்திருந்தால் அது கண்டென்சரை நேரடியாகப் பாதிக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே விதமாகத் தடுமாறுவதால், இரண்டுக்கும் பொதுவான காற்றோட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். எதிர்வாதம் ஒன்று உண்டு. கூலன்ட் அளவுக்கு மீறிச் சூடேறினால் பல வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியே ஏ.சி. கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அப்போதும் குளிர்ச்சி போகும். ஆகவே எது முந்துகிறது என்று கவனியுங்கள். முள் நடுவில் இருக்கும்போதே காற்று வெதுவெதுப்பாகத் தொடங்கினால், குறை காற்றோட்டத்தில்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். முள் ஏறிய பிறகே குளிர்ச்சி போகிறது என்றால், அந்த உறுதி சற்றுக் குறைகிறது.

அடைத்த ரேடியேட்டரின் நடத்தையும் நேர்மாறானது. எஞ்சின் அதிக வெப்பம் உண்டாக்கும்போதுதான், அதாவது நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலையேறும்போதோ, வெயிலில் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதோதான், அது முதலில் காட்டிக்கொடுக்கும். மூடிய நிலையில் சிக்கிய தெர்மோஸ்டாட் வால்வு அதைவிட மோசமானது. வண்டி நின்றாலும் ஓடினாலும் சில கிலோமீட்டருக்குள் சூடேற்றிவிடும். மாமல்லபுரம் வரை அமைதியாகப் போய் வருகிற வண்டியில் அந்த வால்வு திறக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

காசு செலவழிக்கும் முன், சூடு உண்மையானதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். டாஷ்போர்டு முள் அவ்வளவு நம்பகமான சாட்சி அன்று. பல வண்டிகளில் 80 முதல் 100 டிகிரிவரை அது வேண்டுமென்றே நடுவில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நகரத் தொடங்கும்போது விஷயம் ஏற்கெனவே முற்றியிருக்கும். சில பழைய வண்டிகளில் எர்த் இணைப்பு கெட்டுப்போய், ஹெட்லைட் போட்டாலே முள் ஏறுவதும் உண்டு. உங்கள் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே, எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும்; அதில் செருகி, புளூடூத் வழியாகக் கைப்பேசியில் கூலன்ட் வெப்பநிலையைக் காட்டும் சிறு கருவி ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் எளிதில் கிடைக்கிறது. 85 முதல் 100 டிகிரிக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் இயல்பு. 105ஐத் தாண்டி நிற்காமல் ஏறினால் குறை உண்டு. 115ஐ நெருங்கினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். இந்த எண்கள் வண்டிக்கு வண்டி சில டிகிரி மாறும்.

அடுத்தது ஃபேன் சோதனை. இதற்கு மெக்கானிக் தேவையில்லை, பொறுமை போதும். காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரிசர்வாயர் தொட்டியில் கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு, திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி, ஏ.சி. போடாமல் ஐட்லிங்கில் விடுங்கள். சென்னைத் தட்பவெப்பத்தில் கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள், கூலன்ட் 95 முதல் 100 டிகிரியைத் தொடும்போது ஃபேன் சத்தத்தோடு தொடங்கி, ஓரிரு நிமிடங்களில் வெப்பத்தைச் சில டிகிரி இறக்கிவிட்டு நிற்க வேண்டும். பிறகு மீண்டும் தொடங்க வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கலாம் என்பதால் துப்பட்டா, வேட்டி நுனி, தொளதொளப்பான கை எதையும் அதன் அருகே கொண்டுபோக வேண்டாம். அதன் பிறகு ஏ.சி.யைப் போடுங்கள், பெரும்பாலான கார்களில் அடுத்த சில நொடிகளில் ஃபேன் ஓட வேண்டும். இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். ஒன்று செத்துப்போய் மற்றொன்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டு, ‘ஃபேன் நல்லாத்தான் ஓடுது’ என்று திருப்பியனுப்பப்பட்ட வண்டிகள் ஏராளம்.

ஏ.சி. போட்டால் ஓடுகிறது, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டார் நலம். கூலன்ட் வெப்பநிலை சென்சரையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அந்தச் சென்சரின் கனெக்டரைக் கழற்றினால், பெரும்பாலான வண்டிகளில் கணினி ஆபத்தை ஊகித்துக்கொண்டு ஃபேனைத் தானே ஓட்டிவிடும். அப்படி ஓடினால் ஃபேனுக்குப் போகும் வழி முழுவதும் சரி, தவறு சென்சர் பக்கம்தான். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும், அதற்காகப் பதற வேண்டாம். எதற்குமே ஓடவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலே. ரிலேவைச் சோதிக்க, ஃபியூஸ் பெட்டியில் அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலேவை இடம் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். இரண்டும் சரியென்றால் மோட்டாரின் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். வந்தும் சுற்றவில்லை, லேசாகத் தட்டினால் சுற்றுகிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்னொரு வகையும் உண்டு. இரண்டு வேகம் உள்ள ஃபேனில், குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால் முள் நன்றாக ஏறிய பிறகு திடீரென்று பெருத்த இரைச்சலோடு ஃபேன் கிளம்பி, முள் சரசரவென்று இறங்கும். அப்படி ஏறி இறங்குவதாக நீங்கள் எழுதவில்லை, ஆனால் கவனித்துப் பாருங்கள்.

இனி வருவது ஊகம்தான் என்றாலும், உங்கள் வண்டிக்கு இதையே நான் முதலிடத்தில் வைப்பேன். போகிற போக்கில் பம்பர் டிங்கரிங் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சூடேறத் தொடங்கியது அதற்குப் பின்னரா முன்னரா என்று எழுதவில்லை. பின்னர்தான் என்றால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு முன்பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்வேன். ரேடியேட்டரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு, அதன் ஓரங்களில் பஞ்சுப் பட்டைகள், பம்பருக்கும் கண்டென்சருக்கும் நடுவே காற்றை வழிநடத்தும் தகடுகள், அடியில் ஒரு மூடுதட்டு ஆகியவை கம்பெனியில் பொருத்தி வருபவை. டிங்கரிங் கடையில் இவற்றின் கிளிப்புகள் உடைந்தால், ‘இது இல்லேன்னாலும் ஓடும் சார்’ என்று எடுத்து ஓரமாக வைத்துவிடுவது வழக்கம். ஓடத்தான் செய்யும். ஆனால் வண்டி நிற்கும்போது, ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்று இடைவெளிகள் வழியாக முன்னால் சுற்றி வந்து, மீண்டும் அதே ரேடியேட்டருக்குள் நுழையும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், வெப்பம் மட்டும் இறங்காது. மோட்டாரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருக்காது.

இன்னொன்று, கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் நடப்பதுதான். இடியில் ஃபேனின் கனெக்டர் நசுங்கி, இரண்டு வயரையும் வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால், நேர்மின் எதிர்மின் இடம் மாறியிருக்கலாம். இது சாதாரண பிரஷ் மோட்டார் என்றால் அப்போது எதிர்த்திசையில் சுற்றும், காற்றை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக முன்னால் தள்ளும். ஃபேன் ஓடுகிறது, சத்தமும் வருகிறது, பார்ப்பவர் கண்ணுக்குக் குறையே தெரியாது. ஃபேன் ஓடும்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தளர்வாக ஆடினால் இழுப்பு போதவில்லை; உங்கள் பக்கம் தள்ளப்பட்டுக் கையில் அனல் அடித்தால் வயர் மாறியிருக்கிறது. வயரை மாற்றிப் போட்டால் முடிந்தது, ஒரு பாகமும் வாங்க வேண்டாம்.

தாள் பலவீனமாகவே ஒட்டுகிறது என்றால், ஃபேன் ஓடும் நிலையிலேயே அதன் கனெக்டரில் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்கும். ஃபேனிலும் அதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. 11 வோல்ட்தான் வருகிறது என்றால் நடுவில் எங்கோ துருப்பிடித்த இணைப்போ கருகிய ரிலே காலோ தின்றுகொண்டிருக்கிறது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று எர்த் இணைப்புகளை அரித்துவிடுவதால், வயரைக் கழற்றித் தேய்த்து மீண்டும் முறுக்கினாலே சரியாகிவிடுவதும் உண்டு. வோல்ட் முழுதாக வந்தும் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் மோட்டார் தேய்ந்துவிட்டது.

ஃபேன் குறையில்லை என்றால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியை டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் மட்டுமே தெரியும். அழுக்கு அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போர்வையாகப் படிந்திருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால் வண்டல் இன்னும் அங்கேயே காய்ந்து கிடக்கக்கூடும். அதே தண்ணீர் ஃபேன் மோட்டாரின் பேரிங்கையும் கெடுத்திருக்கும். வண்டியைப் பழையதாக வாங்கியிருந்தால் இதை விசாரிப்பது நல்லது. கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரின் வேகத்தில் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் கடையின் அழுத்தத் துப்பாக்கியை நேரே பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, இருக்கிற வழியும் அடைபடும்.

காற்று பற்றிச் சொல்லியாயிற்று. ஆனால் மாதாமாதம் கூலன்ட் குறைகிறது என்று நீங்கள் எழுதியதைக் கடந்துபோக முடியவில்லை. அது மூடிய அமைப்பு. ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையக் கூடாது. சிக்னலில் கொதிக்கும்போது மூடி வழியாக வெளியேறுகிறது என்பதே எளிய விளக்கம். ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போல வேலை செய்வது, ஏறத்தாழ 0.9 முதல் 1.1 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீரை 120 டிகிரி வரை கொதிக்காமல் வைத்திருக்கிறது. அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். மலிவான பாகம் என்பதால் சந்தேகம் வந்தாலே மாற்றிவிடலாம், ஆனால் மூடியில் அச்சிட்ட அழுத்த அளவு பழையதோடு ஒத்திருக்க வேண்டும். மூடி சரியென்றால், ஆறிய எஞ்சினில் கைப்பம்பு கொண்டு ரேடியேட்டருக்கு அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பணிமனையில் செய்யச் சொல்லுங்கள். பம்பின் அழுத்த முள் இறங்கினால் ஹோஸ் (ரப்பர் குழாய்) முனைகள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி சேரும் விளிம்பு, முன்பயணியின் காலடி விரிப்பில் ஈரம் ஆகிய இடங்களில் தடம் கிடைக்கும்.

போர் தண்ணீரை இன்றோடு நிறுத்திவிடுங்கள். திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதியின் நிலத்தடி நீரில் உப்பு மிகுதி. குளோரைடு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் பாத்திரத்து அடிக்கறையாகவே படியும், கூலன்ட்டில் உள்ள துருத்தடுப்பும் நீர்த்துப்போகும். வழியில் வேறு கதியில்லாதபோது எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம், அதில் தவறில்லை. வீட்டில் இருக்கும்போது ஊற்றுவதற்குத் தான் சாக்கு கிடையாது. இத்தனை மாதம் ஊற்றியதால் ரேடியேட்டரில் ஓரளவு படிவு இருக்கவே செய்யும் என்று நினைக்கிறேன். அதனால்தான் ரேடியேட்டர் என்ற மெக்கானிக்கை முற்றிலும் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதை அளந்து பார்த்த பிறகே மாற்ற வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது லேசர் புள்ளி காட்டும் வெப்பமானித் துப்பாக்கியால் ரேடியேட்டரின் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்தால், தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை வெப்பம் சீராகக் குறைந்து வர வேண்டும். நடுவே சட்டென்று குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களைத் திறந்து கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து ஈயம் வைத்து மூடிவிடுவார்கள். உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர். அதற்கு அந்த வைத்தியம் ஒத்துவராது, அடைப்பு உறுதியானால் மாற்றுவதே வழி.

வாட்டர் பம்பைப் பற்றி என்னால் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஐட்லிங்கில் பம்ப் மிக மெதுவாகச் சுற்றுவதால், அதன் இறக்கைகள் அரித்துத் தேய்ந்திருந்தால் குறை நிற்கும்போதே முதலில் தெரியலாம். ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்து 2,000 சுழற்சியில் இரண்டு நிமிடம் பிடித்தால் வெப்பம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் பம்பையோ கூலன்ட் குறைவையோ உள்ளே சிக்கிய காற்றையோ சந்தேகிக்கலாம். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் வோல்ட் உயர்ந்து ஃபேன் வேகமெடுத்ததாலும் இறங்கியிருக்கலாம் என்பதால், இந்த ஒன்றை மட்டும் வைத்து பம்பை மாற்றிவிட வேண்டாம்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடும் யோசனையை மட்டும் தயங்காமல் மறுக்கிறேன். அது சாதாரணமாக 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும் பாகம்; எஞ்சினைச் சீக்கிரம் உரிய சூட்டுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. எடுத்துவிட்டால் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், கணினி கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், ஆயிலில் ஈரமும் கசடும் சேரும். இதையெல்லாம்விட முக்கியமானது, சில எஞ்சின்களில் அந்த வால்வு திறக்கும்போது ரேடியேட்டரைச் சுற்றிப்போகும் குறுக்குவழியை அடைக்கவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி, சூடு இன்னும் ஏறும். வால்வின்மீது சந்தேகம் இருந்தால் கழற்றி, வெப்பமானியோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தால் எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மறைத்துவைக்கக் கூடாத ஒரு சாத்தியமும் உண்டு. ஏற்கெனவே பலமுறை சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாகத் தொடங்கியிருக்கலாம். ஆறிய எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருவது, சைலன்சரில் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் காபி நிறத்தில் நுரை ஆகியவை அதன் அடையாளங்கள். நல்ல பணிமனைகளில் நீலநிறத் திரவம் ஒன்றை வைத்து ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றைச் சோதிப்பார்கள். எஞ்சினில் எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும். நெடுஞ்சாலையில் உங்கள் வண்டி நன்றாக ஓடுவதால் இதற்கு வாய்ப்புக் குறைவு என்றே எண்ணுகிறேன், ஆனால் கூலன்ட் குறைவதற்கு வேறு காரணம் கிடைக்காவிட்டால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

வீட்டில் பொலிரோ, குவாலிஸ் போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் இதே குறையைச் சந்தித்தால், அந்த வகையில் பலவற்றில் மின்சார ஃபேனுக்குப் பதில் எஞ்சினே சுற்றும் ஃபேனும் அதன் நடுவே சிலிக்கான் எண்ணெய் நிரப்பிய கிளட்சும் இருக்கும். எஞ்சினைச் சூடாக்கி, அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கையால் ஃபேனைச் சுழற்றினால் பிசுக்கென்று தடுக்க வேண்டும். காற்றாடியாகச் சுற்றினால் எண்ணெய் ஒழுகிவிட்டது.

பழுது சரியாகும்வரை வண்டியை எடுத்தே ஆக வேண்டும் என்றால், நெரிசலில் முள் நகரத் தொடங்கியதும் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோவரை முழு வேகத்திலும் வையுங்கள். கத்திரி வெயிலில் கேட்கவே கொடுமையாக இருக்கும். ஆனால் அது உங்கள் வண்டியில் உள்ள இரண்டாவது சிறு ரேடியேட்டர். அப்படியும் இறங்காவிட்டால் சிவப்புக்கு முன்பே ஓரங்கட்டி அணையுங்கள். அலுமினிய ஹெட் ஒருமுறை வளைந்தால் லேத்துக்குப் போக வேண்டிவரும், அதன் செலவுக்கு முன் கயிறு கட்டி இழுத்துவரும் செலவு ஒன்றுமில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆறி, மேல் ஹோஸை அழுத்தினால் மெத்தென்று இருக்கும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. அழுத்தம் விட்டவுடன் கொதிநீர் முகத்தில் பீறிடும். சூடான எஞ்சின்மீது குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் ஹெட்டில் விரிசல் விழ வைக்கும்.

ஃபேனை ‘டைரக்ட்’ போட்டுத்தருகிறேன் என்று யாராவது சொன்னால், அன்றைக்கு வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் சாவியோடு நேரே இணைத்த வயர், ஃபேன் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காமல் உருகும். மோட்டார் மாற்ற வேண்டியிருந்தால் புதியது ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழையது வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை, ஆனால் கடையிலேயே பேட்டரியில் கொடுத்துச் சில நிமிடம் ஓடவிட்டு, சத்தமும் ஆட்டமும் இல்லை என்று பார்த்தே வாங்க வேண்டும். பிளாஸ்டிக் கூடும் பஞ்சுப் பட்டையும் முழுதாக இருந்தால் அவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரை முழுக்க வடித்து, காய்ச்சி வடித்த நீரால் அலசி, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டை நிரப்பச் சொல்லுங்கள்; வேறு வகையோடு கலக்க வேண்டாம். நிரப்பிய பின் ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை வந்து நிற்கும்வரை எஞ்சினை ஓட்டினால்தான் உள்ளே சிக்கிய காற்று பெரும்பாலும் வெளியேறும். மறுநாள் காலையிலும் அதற்கடுத்த காலையிலும் ஆறிய எஞ்சினில் அளவைப் பார்த்து, ரிசர்வாயரின் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கோடுவரை நிரப்புங்கள். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால், மேலே சொன்ன அழுத்தச் சோதனைக்கு அந்த வாரமே வண்டியை விட்டுவிடுங்கள்.